எவர்சில்வர் குழாய்க்குப் பின்னால் இருக்கும் எண்களின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் துருப்பிடிக்காத எஃகு. அடுக்களையில் எவர்சில்வர். தொழிற்சாலை வாசலைத் தாண்டினால் எஸ்.எஸ். மூன்று பெயரிலும் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: இது கெடாது.

பைப்பிங் ஒப்பந்த வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சமீபத்தில் போனில் கேட்டார்: "சார், காசைப் பார்க்காம 316எல் போட்டுட்டா எந்தப் பிளான்ட்டுக்கும் தாங்கும்தானே?" தாங்காது என்று சொன்னேன். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதற்கு நூறு வருடக் கதை தேவைப்படுகிறது. 304எல், 321, 316எல், 2205 என்று கடையில் சொல்லும் எண்களில் பலவும் எங்கோ ஒரு குழாய் கெட்டுப்போனதால் பிறந்தவை. அந்தக் கதை தெரிந்தால் எதை எங்கே போடுவது என்பது பாதி விளங்கிவிடும்.

முதலில் அடிப்படை. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்தால், மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று தானாக உருவாகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும், பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். எவர்சில்வரின் பலம் முழுவதும் இந்தப் படலம்தான். படலம் நிலைக்கும் இடத்தில் எவர்சில்வர் நிலைக்கும். படலம் உடைந்து திரும்ப மூட முடியாத இடத்தில் அது சாதா இரும்பைப் போலவே அழியும். சில சமயம் அதைவிட மோசமாக, வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளுக்குள் விரிசல் விடும்.

இந்த உலோகம் வருவதற்கு முன்னால் அமிலத்தை எப்படிக் கையாண்டார்கள்? கல்லிலும் பீங்கானிலும் கண்ணாடியிலும்தான். நார்வேயில் நோட்டோடன் என்ற ஊரில் 1905இல் காற்றிலிருந்து நைட்ரஜன் உரம் செய்யும் ஆலை தொடங்கியது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடு வாயுவைத் தண்ணீரில் கரைத்து நைட்ரிக் அமிலமாக்கும் கோபுரங்களைக் கருங்கல்லில் கட்டினார்கள். நீர்த்த நைட்ரிக் அமிலம் இரும்பைத் தின்றுவிடும் என்பதால் வேறு வழியில்லை. ஆனால் கல்லில் அழுத்தம் ஏற்ற முடியாது. பீங்கான் குழாய் உடையும். பாத்திரத்துக்கு ஏற்ற பொருள் கிடைக்காததால் வேதியியலே ஓர் எல்லையில் நின்றது.

ஜெர்மனியில் ஹேபர் கண்டுபிடித்த அமோனியா முறையைப் பெரிய ஆலையாக்கும் பொறுப்பு பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் கார்ல் போஷ் கையில் வந்தது. சுமார் 200 மடங்கு காற்றழுத்தம், 500 டிகிரி வெப்பம். நல்ல எஃகில் செய்த சோதனைக் குழாய்கள் 80 மணி நேரத்தில் வெடித்துவிட்டன. காரணம், ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலிருந்த கார்பனோடு சேர்ந்து அதை உளுத்துப்போக வைத்தது. போஷ் கண்ட வழி எளிமையானது. உள்ளே கார்பன் இல்லாத மெல்லிரும்பு உறை, வெளியே அழுத்தம் தாங்கும் எஃகுக் குழாய், அந்த வெளிக்குழாயில் சிறு துளைகள். உறை வழியாகக் கசியும் ஹைட்ரஜன் எஃகைக் கெடுப்பதற்குள் துளை வழியே வெளியேறிவிடும். 1913இல் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. உயர் அழுத்த முறைகளுக்காக 1931இல் போஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழாய்க்கு எந்த உலோகம் என்ற கேள்வி ஓரத்தில் வைக்கும் சில்லறைக் கேள்வி இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே காலத்தில்தான் எவர்சில்வரும் பிறந்தது, இரண்டு ஊர்களில், இரண்டு விதமாக.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் குரூப் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பெனோ ஸ்ட்ராஸும் எடுவார்ட் மவுரரும் வேலை பார்த்தார்கள். உலை வெப்பத்தை அளக்கும் கருவிக்குப் பாதுகாப்பு உறை தேடித்தான் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த எஃகுகளைப் பரிசோதித்தார்கள். ஆய்வகத்தின் அமிலப் புகையில் மாதக்கணக்கில் கிடந்த சில துண்டுகள் துருவேறாமல் இருப்பதை மவுரர் கவனித்தார். 1912 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. சுமார் 20 சதவீதம் குரோமியம், 7 சதவீதம் நிக்கல் கொண்ட அந்த எஃகுக்கு வி2ஏ என்று பெயர்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்ந்து போவதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்டில் 12.8 சதவீதம் குரோமியம் கொண்ட எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் தடவினால், அமிலம் அதைத் தொடவே இல்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட ஒன்றும் செய்யவில்லை. துப்பாக்கியை விட்டுவிட்டு அவர் மனம் சாப்பாட்டுக் கத்திக்குப் போனது. 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரும் கத்தித் தொழிலில்தான் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிரேர்லியின் எஃகு காந்தத்தில் ஒட்டும், கடினமாக்கிக் கூர் தீட்டலாம். குரூப்பின் எஃகு காந்தத்தில் ஒட்டாது, வளைக்கலாம், நீட்டலாம், பற்றவைக்கலாம். குழாய்க்கு ஏற்றது இரண்டாவது. ஆனால் ஊருக்குள் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. 'எவர்சில்வர் என்றால் ஒரே உலோகம்' என்ற குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது.

வி2ஏ எஃகின் முதல் பெரிய வாடிக்கையாளர்களில் நைட்ரிக் அமிலத் தொழிலும் ஒன்று. பொருத்தமான ஜோடி. நைட்ரிக் அமிலம் ஆக்சிஜன் ஏற்றும் தன்மை கொண்டது. படலத்தை அரிப்பதற்குப் பதிலாக அதை வலுப்படுத்தும். கருங்கல் கோபுரமும் பீங்கான் குழாயும் போய், அழுத்தம் தாங்கும் உலோகக் குழாய்கள் வந்தன. 1924இல் ஷெஃபீல்டில் ஹாட்ஃபீல்டு 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்ற கலவையைக் கொண்டுவந்தார். இன்றைய 304 அதன் நேர் வாரிசு. நம் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் '18/8' என்று முத்திரை பார்த்திருப்பீர்களே, அது இதுதான்.

ஆனால் அதே குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஓடவிட்டால் படலம் கரைந்து குழாயும் போய்விடும். இரண்டும் அமிலம்தான், இரண்டும் வலிய அமிலம்தான். ஒன்று இந்த உலோகத்துக்கு நண்பன், மற்றது எமன். 'அமிலம் தாங்கும் பைப்' என்ற சொல்லே தவறு என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான்.

அடுத்த அடி வெல்டிங்கில் விழுந்தது. 1920களில் ஒரு புதிர் எழுந்தது. 18/8 எஃகில் செய்த கலன்களும் குழாய்களும் பற்றவைத்த இடத்தில் உறுதியாக இருக்கும். ஆனால் அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, பற்றுக் கோட்டுக்கு இணையாக, பட்டையாக அரித்துப் போகும். உலோகம் சர்க்கரைக் கட்டி மாதிரி மணிமணியாக உதிரும். இதற்கு 'வெல்டு டீகே' என்று பெயர் வைத்தார்கள்.

காரணம் 1930களின் தொடக்கத்தில் தெளிந்தது. அமெரிக்காவில் பெயின், அபோர்ன், ரதர்ஃபோர்டு ஆகியோர் 1933இல் விளக்கம் தந்தார்கள். எஃகை ஏறத்தாழ 425 முதல் 870 டிகிரி வரையான வெப்பத்தில் வைத்தால், அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு படிகத் துகள்களின் எல்லையில் கார்பைடாகப் படிகிறது. எல்லையை ஒட்டிய மெல்லிய பகுதியில் குரோமியம் குறைந்துவிடுகிறது. அங்கே படலம் நிற்காது. பற்றவைக்கும்போது கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியுள்ள இடம்தான் அந்த வெப்பத்தில் போதிய நேரம் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பட்டை.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, கார்பனைப் பிடித்துவைக்க வேறொரு தனிமத்தைச் சேர்ப்பது. டைட்டானியம் சேர்த்தால் 321. நையோபியம் சேர்த்தால் 347. இரண்டாவது, கார்பனையே குறைப்பது. 304இல் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம். 304எல் என்றால் 0.03 சதவீதத்துக்குள். அந்த 'எல்' என்ற ஓர் எழுத்துக்குப் பின்னால் இத்தனை கதை. ஆனால் கார்பனை அவ்வளவு குறைப்பது நெடுநாள் செலவு பிடித்த வேலையாக இருந்தது. உருகிய எஃகில் ஆர்கானும் ஆக்சிஜனும் கலந்து ஊதி கார்பனை எடுக்கும் ஏ.ஓ.டி. முறை 1960களின் பின்பாதியில் ஆலைக்கு வந்த பிறகுதான் 'எல்' வகை எல்லோருக்கும் எட்டியது.

மூன்றாவது எதிரி உப்பு, அதாவது குளோரைடு. அது படலத்தில் ஏதோ ஓர் இடத்தில் ஊசி முனையளவு ஓட்டை போடும். அந்தக் குழிக்குள் ஆக்சிஜன் போகாது, அமிலம் சேரும், குழி ஆழமாகிக்கொண்டே போகும். குழாயின் மற்ற இடமெல்லாம் புதுசு போல மின்னும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்தால் இந்தக் குழி அரிப்பு குறைகிறது. அதுதான் 316. கடலோர ஆலைகளிலும், மருந்து, உணவு, காகிதத் தொழில்களிலும் அது பரவியதற்கு மாலிப்டினமே காரணம்.

இப்போது என் மாணவரின் கேள்விக்கு வருகிறேன். சூடான, அடர்த்தி கூடிய நைட்ரிக் அமிலத்தில் 316எல் குழாய் 304எல்லைவிட மேலானது கிடையாது. சில நிலைகளில் அதைவிட வேகமாகவே அரிக்கும். குளோரைடுக்கு எதிராகக் காப்பாற்றிய மாலிப்டினத்துக்கு அங்கே வேலை இல்லை. அதனால் நைட்ரிக் அமில ஆலையில் வழக்கமாக 304எல்தான் போடுவார்கள். யூரியா ஆலையில் கதை வேறு. அங்கே கார்பமேட் என்ற திரவம் ஓடுகிறது. அதற்கு யூரியாவுக்கென்றே தயாரித்த 316எல் உண்டு. ஆனால் அதுவும் தனியாக நிற்காது. படலம் உயிரோடிருக்கக் கொஞ்சம் ஆக்சிஜனையும் சேர்த்தே உள்ளே அனுப்ப வேண்டும். அடர் கந்தக அமிலத்தை, 93 சதவீதத்துக்கு மேல், சாதாரண வெப்பநிலையில் வைக்கச் சாதா கார்பன் எஃகே போதும் என்று பல ஆலைகளில் பல்லாண்டு வழக்கம். விலை அதிகமானது எல்லா இடத்திலும் நல்லது என்பது பட்டுப்புடவைக்கே சரியில்லை, குழாய்க்கு எப்படிச் சரியாகும்?

உப்பு இன்னொரு வேலையும் செய்யும். குளோரைடு, சுமார் 60 டிகிரிக்கு மேல் வெப்பம், உலோகத்தில் இழுவிசை, இந்த மூன்றும் கூடினால் 304ம் 316ம் கிளைவிட்ட மரம் போல விரிசல் விடும். வெளியே சாதாரண மழை நீர் இன்சுலேஷனுக்குள் இறங்கினாலே போதும். சூடான குழாய்மேல் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிச் சேரும். 1959இல் காப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், நிக்கல் அளவுக்கு எதிராக எஃகு விரிசல் விட ஆகும் நேரத்தை வரைபடமாக்கினார். கொதிக்கும் மெக்னீசியம் குளோரைடில் சோதனை. எந்த அளவு நிக்கலில் எஃகு மிகச் சீக்கிரம் விரிகிறது தெரியுமா? ஏறத்தாழ 8 சதவீதத்தில். உலகமே விரும்பி வாங்கிய 18/8இன் அளவு அதுவே. நிக்கலைக் குறைத்துக் குரோமியத்தைக் கூட்டிய டூப்ளெக்ஸ் வகை இந்தப் பள்ளத்திலிருந்து தப்புகிறது. ஸ்வீடனில் 1930லேயே அதைக் காகித ஆலைகளுக்காகச் செய்திருந்தார்கள். நைட்ரஜன் சேர்த்து நன்றாகப் பற்றவைக்கும்படி ஆன பிறகு, 2205 என்ற பெயரில் ஆலைகளுக்குள் பரவலாக வந்தது.

1974ஆம் ஆண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில் நைலானுக்கான மூலப்பொருள் செய்யும் ஆலை. வரிசையாக ஆறு ரியாக்டர்கள். உள்ளே சூடான சைக்ளோஹெக்சேன். உட்புறம் மெல்லிய எவர்சில்வர் உறை, வெளியே சாதா எஃகு. உள்ளே ஓடுவதற்கு எது தாங்கும் என்று யோசித்துத்தான் செய்திருந்தார்கள். ஆனால் ஒரு கசிவின் மேல் வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் நைட்ரேட் இருந்தது. சாதா எஃகுக்கு நைட்ரேட் விரிசல் நோய் தரும். ஐந்தாவது ரியாக்டரில் சுமார் 6 அடி நீள விரிசல் விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு, நாலாவதையும் ஆறாவதையும் 20 அங்குலத் தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். இரண்டு முனையிலும் மடிப்புக் குழாய்கள், அடியில் சாரக்கட்டு முட்டு. முறையான கணக்கில்லை, வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. 1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை, அந்தக் குழாய் பிடுங்கிக்கொண்டது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வார வேலை நாளாக இருந்திருந்தால் எண்ணிக்கை பல மடங்கு ஆகியிருக்கும்.

விசாரணையில் இன்னொரு குழாயும் பேசப்பட்டது. 8 அங்குல எவர்சில்வர் குழாய் ஒன்று கிழிந்திருந்தது. உருகிய துத்தநாகம் சூடான எவர்சில்வரில் பட்டால் அது சட்டென்று நொறுங்கிப்போகும் என்ற உண்மை அப்போது பலருக்கும் புதிதாகத் தெரிந்தது. முதல் காரணம் 20 அங்குலக் குழாயே என்று விசாரணை முடிவு செய்தது. ஆனாலும் கால்வனைஸ் செய்த கம்பி, தகடு எதையும் எவர்சில்வர் குழாய்க்கு மேலோ ஒட்டியோ வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த அறிக்கையிலிருந்து உலகமெங்கும் பரவியது.

அதே 1974இல், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் டிரெஸ்டன் அணுமின் நிலையத்தின் 304 குழாய்களில், வெல்டிங் பக்கத்தில் விரிசல்கள் தென்பட்டன. கொதிநீர் உலை அது. உள்ளே ஓடியது அமிலமும் இல்லை, உப்பும் இல்லை, மிகத் தூய தண்ணீர். ஆனால் 280 டிகிரிக்கு மேல் சூடு, அதில் கரைந்த ஆக்சிஜன், வெல்டிங் விட்டுச்சென்ற இழுவிசை, கூடவே அந்தப் பழைய கார்பைடு. 1930களில் புரிந்துகொண்ட நோய் 40 ஆண்டு கழித்து வேறு வேடத்தில் வந்தது. 1975 ஜனவரியில் 20க்கும் மேற்பட்ட உலைகளை நிறுத்திச் சோதிக்க உத்தரவு போனது. பிறகு கார்பனை இன்னும் குறைத்து, அதனால் இழந்த வலிமையை ஈடுகட்ட நைட்ரஜன் சேர்த்த 316 வகைகள் அணு உலைகளுக்கு வந்தன. நம் கல்பாக்கத்தில் கட்டப்பட்ட வேக ஈனுலையில் 316எல்என், 304எல்என் எஃகுகளைப் பயன்படுத்தியிருப்பதும் இதே பாடத்தின் தொடர்ச்சி. 'எல்' குறைந்த கார்பன், 'என்' நைட்ரஜன்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், குழாய் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். உள்ளே ஓடுவது எது, எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு சூடு? அதில் குளோரைடு உண்டா? ஆக்சிஜன் உண்டா? வெளியே என்ன படும், கடற்காற்றா, மழையா, பக்கத்துக் குழாயின் கசிவா? வெல்டிங் எத்தனை, எவ்வளவு தடிமனில்? ஆலை நிற்கும் நாட்களில் உள்ளே என்ன தங்கும்? தாங்கி நிறுத்தும் முட்டு எங்கே?

வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்.

காந்தத்தை வைத்துப் பார்த்து 'ஒட்டலை, 304தான்' என்று முடிவு செய்யாதீர்கள். 1950களில் கொரியப் போரின்போது நிக்கல் தட்டுப்பாடு வந்தது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை அப்போதுதான் பெருகியது. அதுவும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் 304 அளவுக்கு அரிப்பைத் தாங்காது. மாறாக டூப்ளெக்ஸ் காந்தத்தில் ஒட்டும், ஆனால் 304ஐவிட நன்றாகத் தாங்கும். காந்தம் இரண்டு பக்கமும் பொய் சொல்லும்.

கையில் பிடித்துப் பார்க்கும் எக்ஸ்ரே கருவி குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் சொல்லும். கார்பனைச் சொல்லாது. அதாவது 316ஐயும் 316எல்லையும் அதனால் பிரிக்க முடியாது. அதற்கு ஆலைச் சான்றிதழையும் குழாய் மேலுள்ள ஹீட் நம்பரையும் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

அழுத்தச் சோதனைக்குப் போர்த் தண்ணீரை அப்படியே ஏற்றாதீர்கள். குளோரைடு 50 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும் என்று பல ஆலைகள் வரம்பு வைத்திருக்கின்றன. சோதனை முடிந்ததும் வடித்து உலர்த்துங்கள். தேங்கிய தண்ணீரில் நுண்ணுயிர்கள் குடியேறி, ஆலை ஓடத் தொடங்கும் முன்பே வெல்டிங் ஓரத்தில் குழாய் ஓட்டையான கதைகள் உலகமெங்கும் உண்டு. சாதா இரும்பு தேய்த்த கிரைண்டிங் வீலையும் கம்பி பிரஷ்ஷையும் எவர்சில்வரில் வைக்காதீர்கள். ஒட்டும் இரும்புத் துகள் துருப்பிடித்து, அங்கேயே அரிப்பு தொடங்கும்.

கடைசியாக ஒன்று. ஃபிளிக்ஸ்பரோவில் யாரும் வேண்டுமென்று தப்பு செய்யவில்லை. உற்பத்தி நிற்கக் கூடாதே என்ற அவசரத்தில், குழாய்தானே, பைபாஸ்தானே என்று நினைத்தார்கள். 'எஸ்.எஸ். பைப்தானே, எதுவானாலும் தாங்கும்' என்ற பேச்சும் அதே சாதிதான். குழாய் மாற்றும் நாளில் பக்கத்தில் நிற்பது நம் பிள்ளைகள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டு வெல்டிங் டார்ச்சை எடுக்கச் சொல்லுங்கள்.

உர ஆலை, காகித ஆலை, அனல்மின் நிலையம் என்று வேலை பார்க்கும் மாணவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்கள் இடத்தில் எந்த எஃகு எதற்குப் போட்டிருக்கிறார்கள், ஏன் என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.